மெர்ச்சன்ட்ஸ் ஹவுஸ்: மன்ஹாட்டனின் பேய் வீட்டைப் பகலிலும் இரவிலும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

நியூயார்க் மன்ஹாட்டனில், கிழக்கு 4ஆம் தெரு 29ஆம் எண் வீட்டுக்கு இரண்டு வகையான ஆட்கள் வருகிறார்கள். ஒரு கூட்டம் பழைய மேசை நாற்காலி பார்க்க வருகிறது. இன்னொரு கூட்டம் பேய் பார்க்க வருகிறது. பேய் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இரவுச் சுற்றுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இருட்டில் நாலு அறை ஏறி இறங்கி, "ஒன்றும் இல்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டைப் பற்றி எதுவும் தெரியாமல் போனால் அங்கே கேட்கிற ஒவ்வொரு சத்தமும் பேயாகத் தோன்றும், அல்லது எதுவுமே காதில் விழாது. அதனால் எங்கள் யோசனை எளிது: முதலில் பகலில் போங்கள், வீடு எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ளுங்கள், பிறகு இரவில் போங்கள். ஒரே பயணத்தில் இரண்டும் முடியும்.

கிளம்புமுன்: இந்த வீட்டின் கதை

1832இல் இதைக் கட்டியவர் ஜோசப் புரூஸ்டர் என்ற தொப்பி வியாபாரி. தான் குடியிருக்க மட்டுமல்ல, நல்ல விலைக்கு விற்கவும்தான் கட்டினார். 1835இல் சீபரி ட்ரெட்வெல் 18,000 டாலருக்கு வாங்கினார். இரும்புச் சாமான்களை இறக்குமதி செய்து விற்றுச் சம்பாதித்து ஓய்வுபெற்ற வணிகர் அவர். வீட்டின் பெயரில் இருக்கும் 'மெர்ச்சன்ட்' அவர்தான். மனைவி எலைசா, ஏழு பிள்ளைகளோடு குடிவந்தார். எட்டாவதாக கெர்ட்ரூட் 1840இல் இதே வீட்டில் பிறந்தாள். சீபரி 1865இல் இறந்தார். கெர்ட்ரூட் 1933இல், 93ஐ ஒட்டிய வயதில், மாடிப் படுக்கையறையில் இறந்தாள். இடைப்பட்ட சுமார் நூறு வருடமும் வீடு இந்த ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

அவள் இறந்தபோது வீடு கடனில் மூழ்கியிருந்தது. தூரத்து உறவினரான ஜார்ஜ் சாப்மன் அதை மீட்டு 1936இல் மியூசியமாகத் திறந்தார். இதனால் நேர்ந்த ஒரு நன்மை பெரியது. வேறு பல பழைய வீட்டு மியூசியங்களில் காலி வீட்டை மீட்டு, ஏலத்தில் வாங்கிய சாமான்களால் நிரப்பியிருப்பார்கள். இங்கே கட்டில், கண்ணாடி, உடை, தையல் பெட்டி எல்லாம் அந்தக் குடும்பம் தொட்டுப் புழங்கியவை. 1965இல் நியூயார்க் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவும், 1981இல் உட்புறமும் பாதுகாக்கப்பட்டதாகவும் அறிவிக்கப்பட்டது. வெளியும் உள்ளும் இரண்டுமே இப்படி அறிவிக்கப்பட்ட வீடுகள் அந்நகரத்தில் மிகக் குறைவு.

பேய்க் கதையின் நாயகி கெர்ட்ரூட். அவள் ஒரு கத்தோலிக்க இளைஞனைக் காதலித்தாள், புராட்டஸ்டன்ட் அப்பா மறுத்தார், அதனால் கடைசிவரை கல்யாணம் செய்யாமல் அந்த வீட்டையே காத்தாள் என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவளுடைய அக்காக்களிலும் பலர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள். ஒரே வீட்டில் இத்தனை பேர் மணமாகாமல் இருந்திருக்கும்போது, ஒருத்திக்கு மட்டும் காதல் தோல்வியைக் காரணமாக்குவது சிரமம்.

எந்த வருகை, எந்த நாள்

மூன்று வகை வருகை உண்டு. முதலாவது பகல் நேரச் சுற்று. கையேட்டைப் பார்த்து நீங்களே சுற்றலாம், வழிகாட்டியோடும் போகலாம். இரண்டாவது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் இரவுப் பேய்ச் சுற்று. மூன்றாவது அக்டோபர் மாதத் துக்கக் கண்காட்சி. 1865இல் சீபரி இறந்தபோது வீடு எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவார்கள்: கறுப்புத் துணி போர்த்திய கண்ணாடிகள், கூடத்தில் சவப்பெட்டி, மாடியில் மரணப் படுக்கை. பேய்க் கதையைவிட இது கனமானது என்பது எங்கள் கருத்து. வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே இறந்து, கூடத்திலேயே கிடத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பது கண்முன் தெரியும்.

இங்கே அதிகம் தவறு நடப்பது டிக்கெட் விஷயத்தில்தான். அக்டோபர் இரவுச் சுற்றுகளுக்கு இடம் வேகமாகத் தீர்ந்துவிடும். விற்பனை தொடங்கும் தேதியை மியூசியத்தின் இணையதளத்தில் முன்பே பார்த்து வையுங்கள். அக்டோபரில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லாதவர்கள் வேறு மாத இரவுச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூட்டம் குறைவு, கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். பகல் வருகைக்கு, வாரத்தில் எல்லா நாளும் வீடு திறந்திருக்காது, திறக்கும் நாளிலும் காலையில் திறக்காது, மதியம்தான். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளை இரவுச் சுற்றில் சேர்ப்பார்களா என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேருவது

வீடு லஃபாயெட் தெருவுக்கும் பௌரி தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. சப்வேயில் 6ஆம் எண் ரயிலில் பிளீக்கர் தெரு அல்லது ஆஸ்டர் பிளேஸ் நிலையத்தில் இறங்குங்கள். பி, டி, எஃப், எம் ரயில்களில் வந்தால் பிராட்வே–லஃபாயெட் நிலையம். என், ஆர், டபிள்யூ ரயில்களுக்கு 8ஆம் தெரு நிலையம். எதிலிருந்தும் நடக்கும் தூரம்தான்.

சிவப்புச் செங்கல் முகப்பு, வெள்ளைப் பளிங்கு வாசல், தெருவிலிருந்து மேலேறும் படிகள், இருபுறமும் இரும்புக் கைப்பிடி. லிப்ட் கிடையாது. வெளிப்படி ஏறிய பிறகும் உள்ளே படிக்கட்டு பல உண்டு, மேலே போகப் போகக் குறுகலாகிவிடும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் கூடங்கள் உள்ள தளத்தை மட்டும் பார்த்தாலும் நஷ்டமில்லை. வீட்டின் மிக அழகான அறைகள் அங்கேதான்.

கொண்டுபோக வேண்டியவை குறைவு. தட்டையான, ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கூரான குதிகால் பழைய மரத்தரையில் பள்ளம் போடும், உங்கள் ஒவ்வொரு அடியும் சத்தமாகக் கேட்டு மற்றவர்கள் கவனத்தைக் கெடுக்கும். சிறிய நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். முதுகுப்பை வேண்டாம். குறுகிய கதவில் திரும்பும்போது பின்னால் என்ன இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பகல் சுற்று: எந்த அறையில் எவ்வளவு நேரம்

மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பலரும் அரை மணி நேரத்தை முதல் கூடத்திலேயே போட்டு, சமையலறையையும் மேல்தளத்தையும் ஓடிப் பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

சமையலறைக்கு 25 நிமிடம் கொடுங்கள். தெரு மட்டத்துக்குச் சற்றுக் கீழான தளத்தில் பின்பக்கம் இருக்கிறது. வார்ப்பிரும்பு அடுப்பு, தேன்கூடு வடிவத்துப் பழைய அடுமனை அடுப்பு, கல் தொட்டி. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வந்த விதத்தைக் கவனியுங்கள். கொல்லையில் மழைநீரைச் சேமிக்கும் பெரிய நிலத்தடித் தொட்டி. அதிலிருந்து பம்ப் அடித்து எடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து நியூயார்க்குக்கு குரோட்டன் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்ததே 1842இல்தான். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த இளம்பெண்கள், ஒரு சமயத்தில் நாலு பேர் வரை. நிலக்கரி, தண்ணீர், சாம்பல் எல்லாவற்றையும் அவர்கள்தான் படியேறிச் சுமந்தார்கள்.

சமையலறைச் சுவரில் அழைப்பு மணிகளைத் தேடுங்கள். மேலே அறையில் கைப்பிடியைத் திருகினால் சுவருக்குள் ஓடும் கம்பி இழுத்து, கீழே மணி அடிக்கும். இந்த வகை மணிகளை வளைந்த ஸ்பிரிங்கில் தொங்கவிடுவார்கள். சத்தம் நின்ற பிறகும் மணி கொஞ்ச நேரம் ஆடும். வேறு வேலையாக இருந்தவள் திரும்பிப் பார்த்து எந்த அறை என்று தெரிந்துகொள்ளலாம். மணிக்கு மணி ஓசையும் வேறு. பழைய வீடுகளில் "யாரும் இழுக்காமல் மணி அடித்தது" என்ற புகார் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. கம்பி வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும், எலி ஏறும், தளர்ந்த சுவரில் இழுபடும். இதைப் பகலில் பார்த்துவிட்டால் இரவில் மணி பற்றிய கதை வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து கூடங்கள். முன்கூடம், பின்கூடம் இரண்டும் ஒரே அளவு. நடுவில் கிரேக்கப் பாணி அயோனிக் தூண்கள், சுவருக்குள் தள்ளி மறையும் மகோகனிக் கதவுகள். கறுப்புப் பளிங்குக் கணப்புகள் இரண்டும் ஒரே மாதிரி, மேல்கூரையில் உள்ள சாந்து வேலைப்பாடும் ஒரே மாதிரி. முதலில் தூணுக்கு நடுவில் நின்று மேலே பாருங்கள். இலைகள் விரிந்த சாந்துப் பதக்கத்தின் ஓரங்கள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. சாந்து வேலை உடையக்கூடியது. பக்கத்து மனையில் உயரமான கட்டடம் கட்டும் திட்டத்தை எதிர்த்து மியூசியம் பல வருடம் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம். அஸ்திவார வேலையின் அதிர்வு போதும், மேலிருந்து உதிர ஆரம்பிக்கும்.

கூடத்தில் பழைய பியானோவும் உண்டு. ஆளில்லாமல் பியானோ வாசிக்கும் சத்தம் கேட்டதாகச் சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். கூடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். 6ஆம் எண் ரயில் அருகே லஃபாயெட் தெருவுக்கு அடியில்தான் ஓடுகிறது. அடியில் மெல்லிய உறுமல் கேட்கிறதா, கண்ணாடி விளக்குகள் கிணுங்குகின்றனவா என்று கவனித்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

படுக்கையறைத் தளத்தில் நாலு கால் கட்டில்களும் சிவப்புத் திரைகளும் இருக்கின்றன. கெர்ட்ரூட் உயிர்விட்டது இந்தத் தளத்தில் என்பதால் இரவுக் குழுக்கள் இங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கும். பகலில் கதவுகளைப் பாருங்கள்: எது தானாக மூடிக்கொள்கிறது, எது நிலையை உரசுகிறது. கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக் கூடாது, துணியைத் தொடக் கூடாது. ஒரு முறை தொட்டால் என்ன ஆகும் என்று நினைக்கலாம். விரல் வியர்வையும் எண்ணெயும் பட்டுத் துணியில் தங்கிவிடும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான விரல்கள் பட்டால் திரை கிழிந்து தொங்கும்.

மேல்தளத்தைத் தவறவிடாதீர்கள். ஐரிஷ் பணிப்பெண்களின் அறை அங்கேதான். மற்ற தளங்களின் பளிங்கையும் மகோகனியையும் பார்த்துவிட்டு ஏறினால், தாழ்ந்த கூரையும் சின்னக் கட்டிலும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். பேய்க் கதைகள் பெரும்பாலும் முதலாளி வீட்டுப் பெண்ணையே சுற்றுகின்றன. இந்த வீட்டில் யாராவது அலைய வேண்டுமென்றால் இரவும் பகலும் இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் முதல் உரிமை என்று நினைக்கத் தோன்றும்.

இரவுச் சுற்று

சுற்று தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். தாமதமாக வருபவருக்காகக் குழு நிற்காது. இன்னொரு காரணமும் உண்டு: கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் போதும், பழகியதில் பெரும்பங்கு போய்விடும். போனை அணைத்துப் பையில் போடுங்கள்.

ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். இந்த மங்கலில் கண்ணின் நடுப்பகுதி சரியாக வேலை செய்யாது, ஓரப்பகுதிதான் நன்றாக வேலை செய்யும். அதற்கு நிறம் தெரியாது, அசைவு மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே "ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், திரும்பினால் இல்லை" என்று பேய் வீட்டில் அடிக்கடி கேட்கும் விவரிப்பு, மங்கல் வெளிச்சத்தில் கண் வேலை செய்யும் விதத்தோடு அப்படியே பொருந்துகிறது. இருட்டில் எதையாவது சரியாகப் பார்க்க வேண்டுமானால் நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள்.

கூடத்துக் கண்ணாடியை மங்கல் வெளிச்சத்தில் வெறித்துப் பார்ப்பதும் வேடிக்கை காட்டும். 2010இல் இத்தாலிய உளவியலாளர் ஜொவான்னி கபூட்டோ, மங்கலான அறையில் பத்து நிமிடம் தங்கள் முகத்தையே கண்ணாடியில் பார்க்கச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் முகம் பயங்கரமாக உருமாறியதாகச் சொன்னார்கள். குழுவோடு நடக்கும்போது பத்து நிமிடம் கிடைக்காது. ஆனால் ஒரே புள்ளியை அரை நிமிடம் பார்த்தாலே சுற்றி உள்ளவை மங்கி மறைவதை உணரலாம்.

குழுவில் எங்கே நிற்பது என்பதும் முக்கியம். வழிகாட்டிக்கு அருகே நின்றால் கதை நன்றாகக் கேட்கும். கடைசி ஆளாக நின்றால் வீடு நன்றாகக் கேட்கும். பேய் தேடி வந்திருந்தால் கடைசியில் நில்லுங்கள். படிக்கட்டில் மட்டும் கைப்பிடியை விடவே கூடாது. அங்கே சறுக்கி விழுவதுதான் அந்த வீட்டில் உண்மையான ஆபத்து. கதை சொல்லும்போது குறுக்கே சிரிப்பது, பின்னாலிருந்து தோளைத் தட்டிப் பயமுறுத்துவது இரண்டும் வேண்டாம். இருட்டில் ஒருவர் துள்ளினால் மெழுகுவத்தியும் 190 வருடத்துச் சாமான்களும் பக்கத்தில் இருக்கின்றன.

கேமரா, கருவிகள்

பிளாஷ் கூடாது. துணியும் காகிதமும் வெளிச்சத்தால் மங்கும் என்பது ஒரு காரணம். மற்றொன்று உங்கள் நன்மைக்கு: லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் மிதக்கும் தூசியில் பிளாஷ் பட்டால் படத்தில் வெள்ளை வட்டமாக விழும். ஆவி உருண்டை என்று இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை இதுதான். பழைய திரைச்சீலை உள்ள வீட்டில் தூசிக்குப் பஞ்சமில்லை. பிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது போன் அரை வினாடி வரை திறந்து வைக்கும்; நடுவில் நடந்தவர் ஊடுருவித் தெரியும் நிழலாகப் பதிவார். ஒரே இடத்தை மூன்று முறை எடுங்கள். மூன்றிலும் இருப்பதுதான் அறையில் இருக்கிறது. இரவுச் சுற்றில் படமெடுக்கலாமா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

மின்காந்தப் புலம் அளக்கும் சிறிய கருவியைப் பலர் கொண்டு வருவார்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை அலையும்; அது ஓடும் இடமெல்லாம் இந்தப் புலம் இருக்கும். சுவரில் ஓடும் வயர், உங்கள் சட்டைப்பையில் உள்ள போன், பக்கத்தில் நிற்பவரின் போன் எல்லாமே கருவியில் உள்ள விளக்குகளை எரியவிடும். கொண்டுவந்தே தீருவேன் என்றால் பகல் சுற்றிலேயே ஒவ்வொரு அறையிலும் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். இரவில் அதே அறையில் அதே இடத்தில் வேறு எண் வந்தால்தான் யோசிக்க ஏதாவது இருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

உடனே யாரிடமும் சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் "உனக்கும் குளிர்ந்ததா?" என்று கேட்ட நிமிடமே இருவர் நினைவும் ஒன்றாகிவிடும். முதலில் எழுதுங்கள்: நேரம், எந்தத் தளம், எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள், என்ன கேட்டது அல்லது தெரிந்தது, எவ்வளவு நேரம். பிறகு அதே நேரத்தில் யார் கதவைத் திறந்தார்கள், ரயில் போனதா, குழு நகர்ந்ததா என்று பாருங்கள். சன்னல், கணப்பு, படிக்கட்டு வெளி மூன்றும் உள்ள உயரமான வீட்டில் சூடான காற்று மேலேறும், கீழே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். குறிப்பாகப் படிக்கட்டு முனைகளில் திடீர்க் குளிர் உணர்வது அதனால்தான்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1998இல் இங்கிலாந்தில் விக் டேண்டி என்பவர், தான் வேலை செய்த ஆய்வகத்தில் உணர்ந்த மிரட்டலையும் ஓரக்கண் உருவத்தையும், ஒரு விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வோடு தொடர்புபடுத்தினார். அது காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி. எல்லாப் பேய் வீட்டுக்கும் இதைப் பொருத்துவது தவறு, ஆனால் சுரங்க ரயில் அருகில் ஓடும் வீட்டில் இதை நினைக்காமல் இருப்பதும் தவறு. பழைய காலத்துக் கணக்கு ஒன்றும் உண்டு. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வில்லியம் வில்மர் எழுதிய கட்டுரையில், பேய்த் தொல்லை என்று ஒரு குடும்பம் நினைத்தது பழுதான அடுப்பு கக்கிய கார்பன் மோனாக்சைடு நஞ்சு என்று வெளிவந்தது. நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்த காலத்து வீடுகளின் கதைகளைப் படிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரிபார்த்த பிறகும் விளக்கம் கிடைக்கவில்லையா? எழுதியதை அப்படியே வழிகாட்டியிடம் கொடுங்கள். வருகையாளர்கள் சொல்வதை மியூசியம் பல வருடமாகச் சேகரித்து வருகிறது. உங்கள் குறிப்பில் நேரமும் இடமும் இருந்தால், "ஏதோ ஒரு மாதிரி இருந்தது" என்று சொல்லும் நூறு பேரின் பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம். வெளியே போகும்போது படியில் நின்று கடைசிப் படம் எடுக்க வேண்டாம். அடுத்த குழு அந்தக் குறுகிய வாசலில்தான் காத்திருக்கும்.